விளம்பரப் படம் ஓடினால் போதுமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வர்த்தில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். மேசையில் நாலு லேப்டாப் திறந்தே இருக்கும், கம்பெனி கொடுத்த விளம்பரப் படம் நாள் முழுக்க ஓடும். வருகிறவர்கள் பார்க்கிறார்கள், போய்விடுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள்தான் தொட்டு விளையாடுகிறார்கள். என்ன மாற்றலாம், ஐயா?

பதில்: முதலில் அந்தப் படத்தை நிறுத்துங்கள். மனசு வரவில்லையா, சரி, யாரும் தொடாத நேரத்தில் மட்டும் ஓடட்டும். விரல் பட்டதும் மறைந்துவிட வேண்டும். படம் ஓடுகிற திரையை ஜனங்கள் டிவி மாதிரிதான் பார்ப்பார்கள், அதிலும் நம் பெரியவர்கள் எதையாவது அழுத்திக் கெடுத்துவிடுவோமோ என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்கள்.

தொட்ட பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு மெஷினுக்கு ஒரே வேலை கொடுங்கள், அது ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும், முடியும்போது வாடிக்கையாளர் தானே செய்த ஏதோ ஒன்று திரையில் இருக்க வேண்டும். ராம், ப்ராசசர் கதையெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். விண்டோஸ் 10-இல் 2019-இலேயே தமிழ் ஃபொனெடிக் கீபோர்டு வந்துவிட்டது, ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழில் விழும். அதைப் போட்டு வைத்து, உங்கள் பாட்டி பெயரை அடித்துப் பாருங்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி ஒட்டுங்கள். 1860-இலிருந்து இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் வம்சம், தமிழ் படிக்கத் தெரியாதவர்கள்தான் இங்கே அதிகம், அவர்கள்கூட நின்று அடித்துப் பார்ப்பார்கள். இன்னொன்றில் காவடித் திருவிழா நோட்டீஸ் ஒன்றைப் பாதி செய்து வையுங்கள்; படத்தை நகர்த்தட்டும், தேதியை மாற்றட்டும். பாதியில் நிற்பது முக்கியம், வெற்றுப் பக்கத்தைக் காட்டினால் யாருக்கும் கை ஓடாது.

1984 கடைசியில் ஆப்பிள், தன் மெக்கிண்டாஷ் கம்ப்யூட்டரை 24 மணி நேரம் வீட்டுக்கே எடுத்துப்போய்ப் பார்க்கச் சொன்னது. ஏறத்தாழ 2 லட்சம் பேர் எடுத்துப்போனார்கள், விற்பனை அந்த அளவுக்கு ஏறவில்லை. உங்களுக்கு அவ்வளவு தாராளம் வேண்டாம், மேசையே போதும்.

ஆனால் ஒருவர் நகர்ந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிட வேண்டும். விண்டோஸிலும் குரோம்புக்கிலும் கடைகளில் காட்சிக்கு வைப்பதற்கென்றே டெமோ மோடு இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். சிலர் தங்கள் மெயிலையே திறந்துவிட்டு அப்படியே போய்விடுவார்கள். அடுத்தவர் சொந்தத் தகவலைப் பாதுகாக்கச் சொல்லும் போப்பியா சட்டம் 2021 ஜூலை முதல் கறாராக அமலில் இருக்கிற நாட்டில் அந்தத் தலைவலி உங்களுக்கு எதற்கு?

பிள்ளைகளை மட்டும் விரட்டாதீர்கள். அவன் விளையாடுகிற நேரத்தில்தான் அப்பா பக்கத்தில் வந்து நின்று விலைச் சீட்டைப் படிக்கிறார்.

அப்புறம், எல்லா டெமோவும் இணையம் இல்லாமலே ஓட வேண்டும். 2023-இல் கரண்ட் போய்ப் போய் வந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை, பேட்டரியைப் பற்றிக் கேட்காத ஆளே இருக்க மாட்டார். காலையில் ஒரு லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு, எத்தனை மணிக்குக் கழற்றினீர்கள் என்று பக்கத்தில் ஒரு சீட்டு எழுதி வையுங்கள். மிச்சக் கணக்கை வருகிறவர்களே போட்டுக்கொள்வார்கள்.