பழைய பீட்டில் காரின் இழுவையைக் கொஞ்சம் கூட்டலாமா? நம் ஊர் வெயிலுக்குத் தாங்குமா?

தாத்தாவின் 1969 பீட்டில் கைக்கு வந்திருக்கிறது, கடலூரில் இருக்கிறேன், போர்ஷே போல ஓட வேண்டாம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு லாரியை முந்தும் அளவுக்காவது இழுவை வேண்டும், இரட்டைக் கார்புரேட்டரும் திறந்த சைலன்சரும் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு நாட்களாக இந்தக் கேள்வியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். இதையே 2012இல் சென்னையில் ஒரு பட்டறையில் நானும் கேட்டேன். அங்கே கிடைத்த பதிலுக்கு ஓர் இன்ஜினைப் பறிகொடுத்தேன். அதனால் பதில் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் இளைஞர் என்று நினைக்கிறேன். வண்டியைத் தாத்தா கடைசிச் சில ஆண்டுகள் ஓட்டியிருக்க மாட்டார், கொட்டகையில் நின்றிருக்கும். நீங்கள் வெளியே எடுத்திருப்பீர்கள், நண்பர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லியிருப்பார்கள். என் கதையும் அப்படித்தான் தொடங்கியது.

என்னுடையது 1968 மாடல், 1500. கணக்கில் 1493 சிசி, 44 குதிரைத்திறன். அப்பா 1986இல் சென்னையில் ஒரு டாக்டரிடமிருந்து வாங்கினார். அப்பா புதுச்சேரி முதலியார்பேட்டையில் ஆலை ஃபிட்டர். விலை மலிவு, ஏனென்றால் அந்த நாளில் பின்னால் இன்ஜின் இருக்கும் காரை எங்கள் பக்கத்தில் யாரும் சீந்தவில்லை. மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை, விடியற்காலையில், இன்ஜின் கல் போலக் குளிர்ந்திருக்கும்போது இரண்டு பக்க மூடிகளையும் கழற்றி டேப்பெட் இடைவெளியை (வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் நடுவே விட வேண்டிய மெல்லிய இடம்) அளந்து ஒரு நோட்டில் எழுதுவார். நான்கு சிலிண்டர், எட்டு வால்வு, எட்டுக் கட்டம். எல்லாவற்றையும் 0.15 மில்லிமீட்டருக்கு வைப்பார். நான் டார்ச் பிடிப்பேன். ஃபீலர் கேஜின் அந்த மெல்லிய தகடு இடைவெளிக்குள் வெண்ணெயில் கத்தி போவது போலப் போக வேண்டும், லேசாகப் பிடிக்கவும் வேண்டும். அந்தப் பிடிமானத்தை என் விரலுக்குக் கற்றுக்கொடுத்தது அவர்தான்.

அப்பா போன பிறகு நோட்டில் எழுதுவது நின்றது. அதை இன்றும் மனது ஆறாமல்தான் சொல்கிறேன்.

2011 டிசம்பர் 30, தானே புயல். கடலூர்க்காரருக்கு அந்த விடியற்காலையை நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டுத் தென்னை கொட்டகையின் மேல் விழுந்தது, கொட்டகை காரின் மேல் விழுந்தது. கூரையும் பின் மூடியும் நசுங்கின. இன்ஜினுக்கு ஒன்றுமில்லை. தகர வேலைக்காகத்தான் சென்னைக்குக் கொண்டு போனேன். அங்கே, "எப்படியும் இன்ஜினை இறக்கத்தான் போகிறோம், சக்தியையும் கூட்டிவிடலாமே" என்றார்கள். இரட்டைக் கார்புரேட்டர், வாக்குவம் இல்லாத டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் கருவி; வாக்குவம் உள்ளதில் இன்ஜினின் உறிஞ்சல் பொறியின் நேரத்தை மாற்றும்), திறந்த சைலன்சர். கூடவே சிலிண்டருக்கு அடியில் இருக்கும் தகடுகளையும் விசிறி உறைக்குள் இருக்கும் மடிப்புகளையும், சூட்டுக்கு ஏற்ப அவற்றைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டையும் கழற்றிப் போட்டுவிட்டார்கள். "இதெல்லாம் குளிர் நாட்டுக்காக வைத்தது சார், நம் ஊருக்கு எதற்கு?" என்று கேட்டபோது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. பட்டறையின் பெயரை எழுத மாட்டேன், தயவுசெய்து கேட்காதீர்கள்.

வண்டி திரும்பி வந்தபோது சத்தம் கம்பீரமாக இருந்தது. மிதித்தால் பாய்ந்தது. பத்து மாதம் அந்தப் பெருமையில் ஓட்டினேன்.

2013 மே மாதம், கத்திரி வெயில். சென்னை போகும் வழியில் மரக்காணம் உப்பளங்களைத் தாண்டும்போது மணி பன்னிரண்டரை. முதலில் சூடான ஆயில் வாசனை. அடுத்து வேகத்தைக் குறைத்தபோது ஆயில் விளக்கு மினுக்கியது. "வெயிலுக்கு ஆயில் இளகியிருக்கும்" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு டக் டக் என்று ஒரு சத்தம், உடனே இரும்பை இரும்பால் அடிக்கும் ஓசை. நிறுத்திவிட்டேன். இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று உப்புப் பாத்திகள், நிற்க நிழல் கிடையாது, பின்னால் இன்ஜின் ஆறும்போது எழுகிற கிண் கிண் சத்தம் மட்டும். அந்த ஒரு மணி நேரத்தை நான் மறக்கவே மாட்டேன்.

மூன்றாம் சிலிண்டரின் எக்சாஸ்ட் வால்வு கழுத்தில் முறிந்து, தலை பிஸ்டனுக்குள் விழுந்திருந்தது. பிஸ்டன் ஓட்டை, ஹெட் நாசம்.

ஏன் மூன்றாம் சிலிண்டர்? உங்கள் கேள்விக்கான பதில் முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது. இந்த இன்ஜினில் தண்ணீர் இல்லை. விசிறிக் காற்றும் இரண்டரை லிட்டர் ஆயிலும்தான் சூட்டை இறக்குகின்றன. 1970 வரை வந்த வண்டிகளில் ஆயில் கூலர் விசிறி உறைக்குள்ளேயே, மூன்றாம் சிலிண்டருக்குப் போகும் காற்றின் குறுக்கே நிற்கிறது. எனவே அந்தச் சிலிண்டருக்கு ஏற்கெனவே சூடேறிய காற்றுதான் கிடைக்கிறது. பீட்டிலைச் செய்த ஃபோக்ஸ்வாகனுக்கே இது தெரியும். 1971 மாடலிலிருந்து கூலரைத் தனிக்கூடு கட்டி வெளியே தள்ளி, சூட்டுக் காற்று தனியாக வெளியேற வழி வைத்தார்கள். உங்கள் வண்டி 1969, என்னுடையது 1968. இரண்டும் பழைய அமைப்பு.

அடித் தகடுகள் காற்றைச் சிலிண்டரின் ஃபின்களை (சூட்டை இறக்கும் மெல்லிய விளிம்புகள்) ஒட்டி வளைத்துக் கொண்டுபோக வைக்கப்பட்டவை. உறைக்குள் இருக்கும் மடிப்புகளும் திறந்த நிலையில் காற்றுக்குத் திசை காட்டுகின்றன. இன்ஜின் அறையைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை, கீழே இறங்கிய சூட்டுக் காற்று மறுபடி மேலே ஏறி விசிறிக்குள் போகாமல் தடுக்கிறது. இவை குளிர் நாட்டுக்கு வேண்டுமோ என்னவோ, நம் ஊருக்குக் கட்டாயம் வேண்டும். இதோடு, என் வண்டியில் இரண்டு கார்புரேட்டரும் சமமாக வைக்கப்படவே இல்லை. ஒரு பக்கம் பெட்ரோல் போதாமல் எரிந்திருக்கிறது. போதாத பெட்ரோல் என்றால் கூடுதல் சூடு. பிறகு யோசித்தால், பத்து மாதத்தில் இரண்டு முறை மெக்கானிக் டேப்பெட் பார்த்தபோதும் "மூன்றாவது மட்டும் இறுகிப்போகிறது சார்" என்று சொல்லியிருந்தார். எக்சாஸ்ட் வால்வு சூட்டில் நீண்டுகொண்டே போனால் இடைவெளி குறையும், நீண்டது ஒரு நாள் முறியும். எழுதி வைத்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும்.

இங்கே சிலர் "என் வண்டியில் இரட்டைக் கார்புரேட்டர் பதினைந்து ஆண்டாக ஓடுகிறது" என்று எழுதுவார்கள். ஓடும். பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை ஒழுங்காகத் தேர்ந்து, இரண்டையும் சமமாக வைத்து, தகடு ஒன்றுகூடக் குறையாமல் பூட்டியிருந்தால் ஓடும். நான் அதற்கு எதிரி அல்ல. பீட்டிலின் உறுப்புகளை வைத்துத்தானே 1948இல் முதல் போர்ஷே 356ஐயே செய்தார்கள். குளிர்ச்சியைச் சரிசெய்யாமல் சக்தியைத் தொடாதீர்கள் என்பதுதான் என் வாதம்.

வில்லியனூர்ப் பக்கம் ஒரு வயதான மெக்கானிக் அண்ணன்தான் என் இன்ஜினை மறுபடி கட்டினார். அவர் செய்ததைச் சொல்கிறேன், அதில் உங்களுக்கு வேண்டியது இருக்கும்.

1971க்குப் பிந்தைய விசிறி உறை, அகலமான விசிறி, தனிக்கூட்டு ஆயில் கூலர். தேடிப் பிடிக்க ஆறு மாதம் ஆயிற்று. தகடுகள் எல்லாம் திரும்பப் பூட்டினார், ரப்பர் பட்டை புதிது. ஒற்றைச் சோலெக்ஸ் கார்புரேட்டரே மீண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் பழைய வாக்குவம் உள்ளதே, ஆனால் உள்ளே பாயிண்ட்டுக்குப் பதில் சின்ன மின்னணு அமைப்பு. சைலன்சர் பழைய வடிவமே. அவ்வளவுதான்.

இழுவை எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அவர் டிஸ்ட்ரிபியூட்டரின் வாக்குவம் குழாயைக் கழற்றி என் கையில் கொடுத்து, "வாயில் வைத்து உறிஞ்சுங்கள் தம்பி" என்றார். உறிஞ்சினேன். உள்ளே தட்டு அசையவில்லை, காற்று சும்மா வந்தது. டயாஃப்ரம், அதாவது உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு, கிழிந்திருந்தது. இந்த வகை டிஸ்ட்ரிபியூட்டரில் அட்வான்ஸ் முழுவதும், அதாவது பொறியைத் தேவைக்கேற்ப முன்கூட்டியே அடிக்க வைப்பதை, அந்த டயாஃப்ரம்தான் தருகிறது. அது கிழிந்தால் எத்தனை மிதித்தாலும் வண்டி எழும்பாது. அப்பாவின் கடைசி ஆண்டுகளில் "வண்டி சோம்பிவிட்டது" என்று நாங்கள் நினைத்தது இதைத்தான். புதிய டயாஃப்ரம் போட்டு, டைமிங்கை 7.5 டிகிரியில் வைத்த அன்று அந்த 44 குதிரைகளும் திரும்பி வந்தன. அதற்கு மேல் எனக்கு இன்றுவரை தேவைப்படவில்லை. லாரியை முந்துகிறேன்.

உங்கள் வண்டியிலும் பாதிச் சக்தி இப்படித்தான் எங்கோ ஒளிந்திருக்கும் என்று அடித்துச் சொல்வேன். டயர் காற்றையும் பாருங்கள். ரேடியல் டயர் என்றால் முன்னால் 18, பின்னால் 27. பஞ்சர் கடையில் நாலுக்கும் 30 அடித்து அனுப்புவார்கள், முன்பக்கம் லேசான வண்டி, காற்றில் அலையும்.

பெட்ரோல் குழாய்களை உடனே மாற்றுங்கள். இப்போது பங்க்கில் வருவது இருபது சதவீத எத்தனால் கலந்தது, பழைய ரப்பர் அதற்கு ஊறி வெடிக்கும். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நுழையும் அந்தப் பித்தளை மூக்கை விரலால் அசைத்துப் பாருங்கள். அது கழன்றால் பெட்ரோல் நேரே சூடான இன்ஜின் மேல் கொட்டும். பீட்டில்கள் தீப்பிடித்து எரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இதே காரணத்துக்காக ஃபில்டரையும் இன்ஜினுக்கு மேல் தொங்கவிடாதீர்கள்.

85.5 மில்லிமீட்டர் பிஸ்டன் போட்டு 1500ஐ 1584 சிசி ஆக்கலாம் என்றும் சொல்வார்கள். அளவு பொருந்தும். ஆனால் பதிவுப் புத்தகத்தில் எழுதிய சிசி மாறுகிறது, முன் அனுமதி இல்லாமல் செய்யாதீர்கள். ஐம்பது ஆண்டு கடந்த வண்டிக்கான 2021 விதியில் விண்டேஜ் எண் வாங்குவதாக இருந்தால் இன்ஜினில் பெரிய மாற்றமே கூடாது, அன்றாடம் ஓட்டவும் முடியாது. யோசித்து முடிவெடுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடக்கிறது. வண்டியைப் புதுச்சேரிக் கடற்கரைச் சாலைப் பக்கம் கொண்டுவந்தால் விட்டுவிட்டு நகராதீர்கள். கல்யாணத்துக்கு முன் படம் எடுக்க வருகிறவர்கள் கேட்காமலேயே முன் மூடியில் ஏறி உட்காருகிறார்கள். போன தை மாதம் ஒரு பெண்ணின் ஒட்டியாணம் கீறிய கோடு இன்னும் இருக்கிறது. கேட்டால், "பழைய வண்டிதானே அங்கிள்" என்றார் படம் எடுத்தவர். அப்பா முப்பது ஆண்டுக்கு முன் கையால் தேய்த்துப் பளபளக்க வைத்த தகடு அது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே கதவைத் திறந்து உள்ளே உட்கார வைத்திருப்பேன்.

சரி, உங்கள் வண்டி. நாளை விடியற்காலை, ஸ்டார்ட் செய்யாமல், இடது பக்க மூடியைக் கழற்றுங்கள். முன்னால் இருப்பது மூன்றாம் சிலிண்டர். எக்சாஸ்ட் இடைவெளி எத்தனை என்று அளந்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆயிரம் கிலோமீட்டர் கழித்து மறுபடி அளந்து இரண்டு எண்களையும் இங்கே போடுங்கள். கார்புரேட்டரைப் பற்றி அப்புறம் பேசுவோம்.