தாலினில் கார் தேவையா? முதலில் முகவரியைப் பதியுங்கள்

தம்பி, எஸ்டோனியாவின் தலைநகரான தாலினில், தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, கார் இல்லாமல் சமாளிக்க முடியுமா, பக்கத்து நாட்டுத் தலைநகரங்களான ரீகா, ஹெல்சிங்கி எல்லாம் எப்படிப் போவது என்று கேட்டிருந்தீர்கள். கார் வேண்டவே வேண்டாம். அதைவிட அவசரமான வேலை, வீட்டு முகவரியைப் பதிவு செய்வது.

நகரப் போக்குவரத்தை இலவசமாக்கலாமா என்று 2012-இல் ஊர் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். 2013 ஜனவரி 1 முதல் தாலினில் பதிவு செய்தவர்களுக்கு நகரப் பேருந்தும் டிராமும் இலவசம். எஸ்டோனியரா வெளிநாட்டவரா என்று பார்ப்பதில்லை. மக்கள்தொகைப் பதிவேட்டில் உங்கள் முகவரி தாலினில் இருந்தால் போதும். இங்கே நாம் கட்டும் வருமான வரியில் ஒரு பங்கு, நாம் பதிந்திருக்கும் உள்ளாட்சிக்குப் போகிறது. அதனால் ஆட்கள் பதியப் பதிய நகரத்துக்கும் லாபம். எனக்கு இது ரொம்ப நியாயமான ஏற்பாடாகத் தெரிகிறது.

ஆகவே வீடு பார்க்கும்போதே, "இந்த முகவரியில் பதிந்துகொள்ளலாமா?" என்று கேட்டுவிடுங்கள். சில வீட்டுக்காரர்கள் தயங்குவார்கள். வாடகை கொஞ்சம் குறைவு என்பதற்காக அந்த வீட்டுக்குச் சம்மதிக்காதீர்கள். இன்னொன்று, வீம்சி, ரே பக்கம் புதுப்புது அடுக்குமாடிகள் கண்ணைக் கவரும். நகரத்தை ஒட்டியே இருந்தாலும் அவை தனி உள்ளாட்சிகள். அங்கே பதிந்தால் தாலினின் இலவசம் கிடைக்காது.

வசிப்பிட அனுமதி அட்டை கைக்கு வந்து பதிவும் முடிந்ததும், பயண அட்டை ஒன்று வாங்கி அதை உங்கள் அடையாள எண்ணோடு இணைத்துவிடுங்கள். பரிசோதகர்கள் வருவார்கள், அட்டை எப்போதும் பையில் இருக்கட்டும். அதுவரை வண்டியின் முன்வாசல் கருவியில் வங்கி அட்டையைத் தொட்டுக் கட்டணம் செலுத்திப் போகலாம்.

விமான நிலையத்துக்கு 2017-இல் டிராம் பாதை வந்துவிட்டது, டாக்ஸி பிடிக்க வேண்டியதில்லை. உங்கள் பல்கலைக்கழகம் இருக்கும் முஸ்தமாய்க்கு முன்பு டிராலி பேருந்துகள், அதாவது மேலே செல்லும் மின்கம்பியைத் தொட்டு ஓடும் பேருந்துகள், போயின. 2024 இலையுதிர்காலத்தில் அவற்றை நிறுத்திவிட்டார்கள், இப்போது சாதாரணப் பேருந்துகள்தான். பழைய வழிகாட்டிகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

குளிர்காலம் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். டிசம்பரில் பகல் வெளிச்சம் ஆறு மணி நேரம்தான். இருட்டில் நடப்பவர்கள் ஒளியைப் பிரதிபலிக்கும் வில்லை ஒன்றை மேலங்கியில் தொங்கவிட வேண்டும், இது சட்டம். அபராதத்தை விடுங்கள், நிறுத்தத்துக்கு நடக்கும்போது கார் ஓட்டுபவர் கண்ணுக்கு நாம் தெரிய வேண்டும் அல்லவா? மளிகைக் கடையிலேயே கிடைக்கும். வந்த வாரமே வாங்கிவிடுங்கள், தம்பி.

இனி வெளியூர். ஹெல்சிங்கி கிட்டத்தட்ட சென்னையிலிருந்து காஞ்சிபுரம் தூரம்தான், நடுவில் கடல். கப்பலில் சுமார் இரண்டு மணி நேரம். வாரக் கடைசிக்கு மட்டும் வீடு திரும்பி, மற்ற நாள் அங்கே வேலை பார்க்கும் எஸ்டோனியர்கள் நிறைய. இரு நாடுகளும் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய ஷெங்கன் பகுதிக்குள்தான் என்றாலும் கடவுச்சீட்டும் வசிப்பிட அட்டையும் உடன் இருக்கட்டும்.

தார்த்து, நார்வா ஊர்களுக்கு பால்ட்டி யாம் நிலையத்திலிருந்து ரயில். ரீகாவுக்குப் பேருந்துதான் வசதி, நாலரை மணி நேரம் ஆகும். ஆனால் அது கிளம்புவது ரயில் நிலையத்திலிருந்து அல்ல, தனிப் பேருந்து நிலையம் இருக்கிறது. புதிதாக வருபவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். தார்த்து, வால்கா வழியாக ரயில் மாறியும் ரீகா போகலாம், நேரம் கூடும். வேடிக்கை பார்த்துக்கொண்டு போக ஆசை என்றால் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

கடற்கரை ஊரான பார்னுவுக்கு ரயில் 2018 டிசம்பரோடு நின்றுவிட்டது. தாலினையும் ரீகாவையும் பார்னு வழியாக இணைக்கும் 'ரயில் பால்டிகா' என்ற புதிய ரயில் 2030-இல் ஓடும் என்று திட்டம். உங்கள் படிப்பு முடியும்வரை அங்கேயும் பேருந்துதான்.