அப்பா வயலுக்குப் போவதை விட்டுவிட்டார்

கேள்வி: ஒட்டுசுட்டானில் இருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 67 வயது. நாலு வருடமாகப் பார்க்கின்சன் நோய்க்குக் குளிசை எடுக்கிறார். மூன்று மாதமாக விறாந்தைக் கதிரையை விட்டு எழும்புவதில்லை, விடிய மூன்று மணிக்கே முழித்துவிடுகிறார். "இனி என்னால ஒருத்தருக்கும் பிரயோசனமில்லை" என்கிறார். சண்டையில் அண்ணாவை இழந்த கவலை என்று சனம் சொல்லுது. இதற்கும் மருந்து உண்டா?

பதில்: உண்டு. அண்ணாவின் கவலை பொய்யில்லை, வன்னியில் எந்த வீட்டில் அது இல்லை? ஆனால் அந்தக் கவலையோடும் அவர் இத்தனை வருடம் வயல் செய்தார். மூன்று மாதமாகத்தான் முடியவில்லை. அதனால் நோயைத்தான் முதலில் சந்தேகிப்பேன். பார்க்கின்சனில் மூளையில் சேதி கடத்தும் டோபமின் என்ற பொருளோடு, மனநிலையைப் பாதிக்கும் செரட்டோனினும் நோரட்ரினலினும் குறைகின்றன, மனச்சோர்வு நோயோடு சேர்ந்தே வருவது. சிலருக்குக் கை நடுங்க முந்தியே வந்துவிடும்.

முகத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். இந்த நோயில் சந்தோசமாக இருப்பவரின் முகமும் இறுகித்தான் இருக்கும். "முத்தையன்கட்டுக் குளம் வான் பாயுதாம்" என்று சொல்லிப் பாருங்கள். ஏதாவது திருப்பிக் கேட்கிறாரா? கேட்டால் முகம் மட்டும்தான் இறுகியிருக்கலாம், ஒன்றிலும் அக்கறையில்லை என்றால் மனமும் சோர்ந்திருக்கலாம்.

அப்புறம், கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் ஒரு கிழமைக்குக் குளிசை எடுத்த நேரத்தையும் மனம் விழுகிற நேரத்தையும் எழுதுங்கள். அடுத்த வேளைக்குச் சற்று முந்தி விழுகிறது என்றால், லெவோடோபாவின் (டோபமினை ஈடுசெய்யும் பார்க்கின்சன் குளிசை) நேரத்தை டாக்டர் மாற்றினாலே பாதி சரியாகலாம். தைரோயிட், பி12 இரத்தப் பரிசோதனையும் கேளுங்கள்.

அதற்கும் சரிவராவிட்டால் செர்ட்ராலின், வென்லாஃபக்சின் போன்ற மனச்சோர்வுக் குளிசைகள் இருக்கின்றன. பலன் தெரிய 2 முதல் 6 கிழமை செல்லும். பத்து நாளில் "ஒண்டும் செய்யேல்லை" என்று நிறுத்திவிட வேண்டாம். பார்க்கின்சனுக்கே கொடுக்கும் செலிஜிலின், ரசாஜிலின் எடுக்கிறார் என்றால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், மனச்சோர்வுக் குளிசையோடு சேர்ந்தால் ஆபத்தாகலாம். பக்கத்து வீட்டாரின் 'நரம்புக் குளிசை' வேண்டவே வேண்டாம். மனநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகள், ஹலோபெரிடோல் போல, உடல் இறுக்கத்தைக் கூட்டிவிடும். காலையில் குளிசை வேலை செய்கிற நேரம் பார்த்து வரம்பு வரை கூட்டிக்கொண்டு போங்கள், அதுவும் மருந்துதான்.

"பிரயோசனமில்லை" என்ற சொல்தான் எனக்கு உறுத்துகிறது. சாக நினைக்கிறீர்களா என்று நேரே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. வயலுக்கு அடிக்கிற மருந்துப் போத்தல்களை இன்றைக்கே பூட்டி வையுங்கள். ஓம் என்றால் தனியே விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். இல்லை என்றாலும் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்க வேண்டாம்.