பான் சோனிக்கில் வளர்ச்சி எங்கே? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எலக்ட்ரானிக் இசை பற்றி நீங்கள் எழுதிய குறிப்பில் பின்லாந்தின் பான் சோனிக் இரட்டையரைப் பற்றி ஒரு வரி வந்தது. யூட்யூபில் தேடி மொபைலில் கேட்டேன். முதலில் போன்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். டிக் டிக் என்று ஒரு சத்தம், நடுவில் கரகரப்பு, அவ்வளவுதான். இதை இண்டஸ்ட்ரியல் டெக்னோ என்கிறார்கள். தொழிற்சாலைச் சத்தத்தைப் பதிவுசெய்து போட்டால் இசையாகிவிடுமா? சரி, அதுகூடப் பரவாயில்லை. 1995இல் வந்த ஆல்பத்தையும் 2010இல் வந்ததையும் மாற்றி மாற்றிக் கேட்டேன், எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. பதினைந்து வருடம் ஒரே சத்தத்தைப் போட்டவர்களிடம் வளர்ச்சி என்று எதைச் சொல்வது?

க.

அன்புள்ள க.,

மொபைலில் கேட்டதுதான் பாதிப் பிரச்சினை. அவர்களுடைய தாளத்தின் கனமெல்லாம் மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருக்கிறது, போன் ஸ்பீக்கருக்கு அந்த வேலை வராது. உங்களுக்குக் கேட்ட ‘டிக்’ அந்த அடியின் நுனி மட்டும்தான். ஒரு நல்ல ஹெட்போனில் போட்டுப் பாருங்கள், அந்த டிக்குக்குப் பின்னால் ஒரு பெரிய அடி நெஞ்சில் வந்து இறங்கும்.

அப்புறம், தொழிற்சாலையை அவர்கள் பதிவு செய்யவில்லை. இண்டஸ்ட்ரியல் என்ற பெயர் 1976இல் லண்டனில் த்ராப்பிங் கிரிஸில் குழு தொடங்கிய இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ் என்ற இசை வெளியீட்டு நிறுவனத்திலிருந்து வந்தது. அந்தப் பக்கத்து இரைச்சலும் அமெரிக்காவின் டெட்ராய்ட் பக்கத்து டெக்னோ என்ற எந்திரத் தாள நடன இசையும் 1990களின் தொடக்கத்தில் துர்கு நகரத்தில் சந்தித்தன. பின்லாந்து அப்போது பெரிய பொருளாதார மந்தத்தில் கிடந்தது, சோவியத் சந்தை போய்விட்டது, வேலையில்லாதவர்கள் ஊர்ப்பட்ட பேர். அந்தச் சமயத்தில், 1993இல், மிகா வைனியோ, இல்போ வைசானென், சாமி சாலோ என்று மூன்று பேராக ஆரம்பித்தார்கள். சாலோ சீக்கிரமே விலகிக்கொண்டார், மிச்சம் இரண்டு பேர்.

அப்போது குழுவின் பெயர் பானசோனிக். அந்த ஜப்பானிய நிறுவனம் சும்மா இருக்குமா? 1998இல் பெயரிலிருந்து ஒரு ‘ஏ’ எழுத்தை எடுத்துவிட்டார்கள், அடுத்த வருடம் வந்த ஆல்பத்துக்கு ‘ஏ’ என்றே பெயர் வைத்தார்கள். இவர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர்களுடைய கருவிகள்தான்.

யாரி லேஹ்தினென் என்று ஒரு நண்பர். ஆஸிலேட்டர்கள் (மின் அதிர்வால் ஒலியை உண்டாக்கும் கருவிகள்), ஒலிகளை வரிசைப்படுத்தும் பெட்டிகள் என்று இவர்களுக்காகவே கையால் செய்து கொடுத்தவர். கடையில் வாங்கும் சிந்தசைசரில் தயார் ஒலிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும், இவற்றில் அப்படி எதுவும் கிடையாது. குமிழைத் திருப்பினால் மின்னோட்டம் மாறும், அந்த மாற்றம்தான் ஒலி. ஒரு தாள அடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸிலேட்டரின் சுருதியை மேலே தொடங்கிக் கண் இமைப்பதற்குள் கீழே இறக்கினால் ‘தும்’ என்று வரும். இறக்கத்தைக் கொஞ்சம் நீட்டினால் அதுவே ‘தூம்ம்’ என்று இழுக்கும், இன்னும் நீட்டினால் தாளம் போய் ரீங்காரமாகிவிடும். இந்த ஒரு சரிவுக்குள் என்னென்ன கிடைக்கும் என்பதைத்தான் அவர்கள் வருடக்கணக்காகத் தோண்டினார்கள். பதிவும் அதே மாதிரிதான், இருவரும் உட்கார்ந்து நேரடியாக வாசிப்பார்கள், அது இரண்டு சேனலில் அப்படியே டேப்பில் போகும், பிறகு மேலே ஒட்டு வேலை இல்லை. மேடையிலும் அலங்காரம் கிடையாது, பின்னால் திரையில் கிடையாக ஒரே ஒரு வெள்ளைக் கோடு, ஒலியின் சிக்னல் வந்து அதை ஆட்டும், அடி விழும்போது கோடு துள்ளும், அமைதியானால் நேராகிவிடும்.

இனி வளர்ச்சி. 1995இன் ‘வாக்கியோ’ எலும்புக்கூடு மட்டும் உள்ள ஆல்பம், பாதி இடத்தில் ஒன்றுமே நடக்காதது போலிருக்கும். 1997இன் ‘குல்மா’வில் தாளம் முரடாகிறது, எனக்குப் பிடித்தது அதுதான். அந்தச் சமயத்தில் நியூயார்க்கின் சூசைட் குழுப் பாடகர் ஆலன் வேகாவோடு சேர்ந்து ‘எண்ட்லெஸ்’ என்று ஒரு ஆல்பமும் செய்தார்கள், 1998இல் வந்தது. சூசைடும் இரண்டே பேர், ஒரு மலிவான ஆர்கனும் ஒரு குரலும், ஆக இவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்பதற்கு அந்த ஆல்பமே சாட்சி. 2001இன் ‘ஆல்டோபீரி’யில் ஒரு மென்மை வருகிறது. 2004இல் வந்த ‘கெஸ்தோ’ நான்கு வட்டுகள், மொத்தம் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. முதல் வட்டு காதைக் கிழிக்கும், போகப் போக இரைச்சல் வடிந்துகொண்டே வரும், நான்காவது வட்டில் ஒரு மணி நேரத்துக்கு ஒரே துண்டு, அதில் தாளமே இல்லை. மூன்றாவது வட்டில் எனக்குப் பொறுமை போய்விடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதை மட்டும் யாராவது பாதியாக வெட்டியிருக்கலாம்.

எல்லாம் ஒன்றுபோல இருக்கிறது என்கிறீர்கள். அதே பெட்டிகள், அதே முறை என்ற அளவில் சரிதான். ஆனால் ராக் குழுக்களைப் போல ஒவ்வொரு ஆல்பத்துக்கும் புது வாத்தியம், புது வேஷம் என்று போவதை மட்டுமே வளர்ச்சியென்று எடுத்துக்கொண்டால் இவர்களிடம் அது கிடைக்காது. ஒரு பாடகர் நாற்பது வருடம் தோடி பாடுகிறார், அவரிடம் போய் ஏன் அதே ராகம் என்று நாம் கேட்பதில்லையே. அவசரப்படாமல் ‘வாக்கியோ’வின் அடியையும் ‘கெஸ்தோ’வின் அடியையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், முதலாவது சுவரைத் தட்டுவது, இரண்டாவது சுவரே விழுவது.

2009 முடிவில் குழுவைக் கலைத்தார்கள், நீங்கள் கேட்ட 2010 ஆல்பம் ‘கிராவிடோனி’ அதற்குப் பிறகு வந்தது. பின்லாந்தின் ஓல்கிலுவோதோ அணுமின் நிலையத்தைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றுக்கு இவர்கள் செய்த இசை 2016இல் வெளியானது. மறு வருடம் ஏப்ரலில் வைனியோ இறந்துபோனார், வயது 53.

எங்கே தொடங்குவது என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். ‘ஆல்டோபீரி’யை ஹெட்போனில் கேளுங்கள், ஒலியைக் குறைத்து வைத்துத் தொடங்குங்கள், எங்கே வெடிக்கும் என்று சொல்ல முடியாது. பிறகு ‘குல்மா’. ‘கெஸ்தோ’வின் முதல் வட்டை அதற்கப்புறம் வீட்டில் வேறு யாரும் இல்லாத நாளாகப் பார்த்துப் போடுங்கள். நான்காவது வட்டை இந்த வருடம் தொட வேண்டாம்.