மாஸ்க் போட்டும் மதியம் கண் சொருகுகிறதே?

தூக்கத்தில் மூச்சு அடைபடும் கோளாறுக்கு சீபேப் கருவி (மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி மூச்சுப்பாதையைத் திறந்து வைப்பது) வாங்கியவர்களின் கேள்விகள் இவை. பதில் சொல்கிற நான் மருத்துவன் அல்லன். தூக்கப் பரிசோதனைக் கூடத்தில் பல ஆண்டுகள் டெக்னீஷியனாக இருந்தவன். ஒன்பது ஆண்டுகளாக நானே மாஸ்க் மாட்டிக்கொண்டு தூங்குகிறவன். வந்த கேள்விகளில் பெரும்பாலானவற்றில் ஒரே புலம்பல்: ஒருநாள் சுறுசுறுப்பு, மறுநாள் அசதி. அதனால் இன்று அது மட்டும்.

கேள்வி: முதல் நான்கு நாள் பத்து வயது குறைந்ததுபோல் இருந்தது. பத்தாம் நாளிலிருந்து பழைய அசதி. கருவி பழுதா, ஐயா? (வங்கி ஊழியர், 46, திருச்சி)

கருவி பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஆண்டுக்கணக்கில் ஆழ்ந்த தூக்கமும் கனவுத் தூக்கமும் துண்டு துண்டாகவே கிடைத்த மூளை, மூச்சுப்பாதை திறந்ததும் இரண்டையும் அள்ளிக்கொள்ளும். முதல் சில இரவுகளில் கனவுகள் வண்ண வண்ணமாக வந்திருக்குமே, அது இதனால்தான். அந்த வேகம் அடங்கிய பிறகுதான் உங்கள் அன்றாடத் தூக்கத்தின் உண்மையான அளவு வெளியே தெரியும். தெம்பு வந்த மகிழ்ச்சியில் இரவு பன்னிரண்டரை வரை கைப்பேசி பார்ப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள், எழுவது ஐந்தரைக்கு. மாஸ்க் மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும். ஐந்து மணி நேரத்தை ஏழாக்கித் தராது.

இன்னொன்று. அந்த நான்கு நாளை அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு நோட்டில் மூன்றே விவரம் எழுதுங்கள்: மாஸ்க் போட்டிருந்த மணி நேரம், கருவி காட்டும் காற்றுக் கசிவு, பகலில் கண் சொருகிய வேளை. ஒரு நாளைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல் வாரத்தைப் பாருங்கள். எனக்குத் தெம்பு நிலைக்க மூன்று மாதம் ஆயிற்று. மூன்றாம் வாரத்தில் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

கேள்வி: என் கணவர் விடியற்காலை மூன்று மணிக்குத் தம்மை அறியாமலே மாஸ்க்கைக் கழற்றிவிடுகிறார். நான்கு மணி நேரம் போட்டால் போதும் என்று விற்றவர் சொன்னாராம். காலையில் தலை கனக்கிறது என்கிறார். (யாழ்ப்பாணம்)

அந்த நான்கு மணிக் கணக்கைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும், அம்மா. முப்பது நாளில் எழுபது சதவீத இரவுகளாவது நான்கு மணி நேரம் போட்டிருந்தால்தான் கருவிக்குத் தொடர்ந்து பணம் தருவோம் என்பது அமெரிக்கக் காப்பீட்டு விதி. பணம் கொடுப்பவர் வகுத்த கணக்கு அது. உடம்புக்கு அப்படியொரு வரம்பு கிடையாது.

கனவுத் தூக்கம் இரவின் பின்பாதியில்தான் அதிகம். அப்போது தொண்டைத் தசைகள் மிகவும் தளர்ந்திருக்கும். பலருக்கு அடைப்பு மோசமாவது அந்த நேரத்தில்தான். உங்கள் கணவர் கழற்றுவதும் சரியாக அந்த நேரத்தில். முன்னிரவில் சேர்த்ததைப் பின்னிரவில் தொலைத்துவிட்டு எழுகிறார். தூக்கத்தில் கை தானாகப் போகிறது என்றால் ஏதோ உறுத்துகிறது என்று பொருள்: மூக்கடைப்பு, வாய் உலர்வது, பக்கவாட்டில் காற்றுக் கசிவது, அழுத்தம் கூடுதலாக இருப்பது. காலையில் வாய் காய்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால் வாய் வழியாகக் காற்றுப் போகிறது. மாஸ்க்கின் வகையை மாற்ற வேண்டியிருக்கலாம். அழுத்தத்தை மட்டும் நீங்களாகத் திருத்தாதீர்கள். மூன்று மணிக்கு உங்களுக்கு விழிப்பு வந்தால் மறுபடி மாட்டிவிடுங்கள். போகப்போகப் பழகக்கூடும்.

கேள்வி: கருவியில் மணிக்கு 2 மூச்சுத்தடை என்றுதான் காட்டுகிறது. பரிசோதனையில் 41 இருந்தது. ஏழு மணி நேரம் தூங்குகிறேன். ஆனாலும் பள்ளியில் மூன்றாம் பாடவேளைக்குள் துவண்டுவிடுகிறேன். (ஆசிரியை, 39, தஞ்சாவூர்)

41 என்பது கடுமையான வகை. 30-க்கு மேல் போனாலே அப்படித்தான் சொல்வார்கள். 5-க்குக் கீழ் வந்தால் நன்று. ஆக, கருவி தன் வேலையைச் செய்கிறது. இனி வேறு இடத்தில் தேட வேண்டும்.

முதலில் தூக்கம் வேறு, சோர்வு வேறு என்று பிரித்துப் பாருங்கள். உட்கார்ந்தால் கண் மூடுகிறதா, அல்லது கண் விழித்தபடியே கைகால் கனக்கிறதா? இதை அளக்க எப்வர்த் அளவுகோல் என்று எட்டுக் கேள்விகள் உண்டு. 24-க்கு 10-ஐத் தாண்டினால் அது பகல் தூக்கம். உங்கள் மதிப்பெண் 6 என்கிறீர்கள். அப்படியானால் இது சோர்வு. ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 மூன்றையும் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல ஆண்டுகளாகச் சாப்பிடுவதாகச் சொன்னீர்கள். அது பி12-ஐக் குறைக்கக்கூடியது. மனச்சோர்வும் இப்படியேதான் வேடம் போடும்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் பலர் கவனிக்காமல் விட்டிருப்பார்கள்: மாஸ்க் போட்டதிலிருந்து மூக்கடைப்பு, அதற்குத் தினமும் இரவில் செட்ரிசின். அந்த மாத்திரையின் மயக்கம் சிலருக்கு மறுநாளும் தொடரும். கருவியில் ஈரப்பதத்தைக் கூட்டிப் பாருங்கள், உப்புநீர்ச் சொட்டு மருந்து போடுங்கள். மாத்திரையைத் தொடர வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: நான் லாரி ஓட்டுகிறேன், அண்ணா. மாஸ்க் போட்டு ஆறு நாள் ஆகிறது. பகலில் இன்னும் கண் சொருகுகிறது. பழக்கப்பட்ட சாலைதான், டீ குடித்துக்கொள்வேன். மீண்டும் வண்டி எடுக்கலாமா? (நாமக்கல்)

தம்பி, பகலில் இன்னும் கண் சொருகுகிறது என்று மேலே நீங்களே எழுதிவிட்டீர்கள். எடுக்க வேண்டாம். பழக்கப்பட்ட சாலை, டீ குடித்துக்கொள்வேன் என்பதெல்லாம் சமாதானம். கருவியின் பதிவை மருத்துவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு ஏறுங்கள்.

கேள்வி: மதியம் அரை மணி நேரம் படுக்கும்போதும் மாஸ்க் வேண்டுமா? (கோயம்புத்தூர்)

வேண்டும். தொண்டைக்குப் பகல் இரவு தெரியாது.

கேள்வி: மின்வெட்டு வந்த இரவுக்கு மறுநாள் முழுக்க மந்தமாக இருக்கிறேன். மனப்பிரமையா? (விருதுநகர்)

பிரமை இல்லை. கருவி நின்றதும் அடைப்பு திரும்பிவிடும். வீட்டு இன்வெர்ட்டரோடு இணைத்துவிடுங்கள். மின்சாரம் இல்லாத நேரத்தில் தண்ணீரைச் சூடாக்கும் பகுதியை அணைத்தால் பேட்டரி நெடுநேரம் தாங்கும்.

கேள்வி: அக்காள் மகனுக்குத் திருமணம். இரண்டு இரவு மண்டபத்தில் படுக்க வேண்டும். எல்லார் முன்னாலும் மாட்டிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. இரண்டு நாள் விட்டால் என்ன? (மதுரை)

விட்டால் முதல் இரவே குறட்டை வந்துவிடும். முகூர்த்தத்தன்று நீங்கள் நாற்காலியில் தூங்குவது வீடியோவில் பதிவாகும். 1981-இல் சிட்னியில் காலின் சல்லிவன் இந்தக் காற்றழுத்த முறையை வெளியிடுவதற்கு முன்னால், கடுமையான நோயாளிகளுக்குக் கழுத்தில் துளை போடுவதுதான் வழி. அதை நினைத்தால் இந்த ரப்பர் மூக்கு கூச்சப்படும் பொருளா? குழந்தைகள் நான்கு பேர் வந்து யானை என்பார்கள். சிரித்துவிட்டுப் படுங்கள். மறக்காமல் நீளமான ஒயர் வைத்த எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்று கொண்டுபோங்கள். மண்டபத்தில் பிளக் பாயிண்ட் ஒருநாளும் பாய்க்குப் பக்கத்தில் இருந்ததில்லை.