இடுப்பு வலிக்கு யார் உதவியும் இல்லாமல் வீட்டில் நாமே மசாஜ் செய்துகொள்ள முடியுமா?

முடியும். நான்கு வருடமாகச் செய்துவருகிறேன். ஆனால் இத்தனை நாளில் வலிக்கிற இடத்தைத் தேய்த்தது குறைவு. அதற்குக் கீழே, புட்டத்தின் பக்கவாட்டில் அழுத்தியதுதான் அதிகம்.

ஈரோட்டில் சின்னதாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். மோட்டார் மெஷின். வலது கால் பெடலில் இருக்கும், உடம்பு முன்னால் குனிந்திருக்கும். தீபாவளி சமயத்தில் இப்படியே பன்னிரண்டு மணி நேரம் போகும். அப்படி ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம், கீழே விழுந்த பாபின் கேஸை எடுக்கக் குனிந்தேன். நிமிர முடியவில்லை. கடைப் பையன்தான் தூக்கி உட்கார வைத்தான்.

டாக்டர் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார், முட்டியில் தட்டினார், ஒன்றுக்குப் போவதில் சிரமம் உண்டா என்று கேட்டார். “தசைப் பிடிப்புதான். ஸ்கேன் வேண்டாம். படுத்தே கிடக்காதீங்க, நடங்க” என்றார். எனக்கு ஏமாற்றம்தான், ஸ்கேன் எடுத்தால்தானே வைத்தியம் பார்த்த மாதிரி! பிறகுதான் படித்தேன்: வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்தாலும் இருபது வயதில் நூற்றுக்கு 37 பேருக்கும், எண்பது வயதில் 96 பேருக்கும் டிஸ்க் தேய்மானம் தெரியுமாம்.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். அத்தை உலக்கையை உருட்டச் சொன்னார். பக்கத்து வீட்டு அம்மா, இரட்டைப் பிள்ளையாய்ப் பிறந்தவர் காலால் மிதித்தால் போய்விடும் என்று ஆளையே பார்த்து வைத்திருந்தார். எழுபது கிலோ பையன். கும்பிட்டு வேண்டாம் என்றேன். மனைவி தினமும் தைலம் தேய்த்துவிட்டாள். சுகமாக இருக்கும், மறுநாள் பெடலில் கால் வைத்ததும் திரும்ப வந்துவிடும்.

கடைசியில் ஒரு பிசியோதெரபிஸ்ட், இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கு நாலு விரல் கீழே, பக்கவாட்டில் கட்டைவிரலை வைத்தார். கத்திவிட்டேன். அந்தத் தசை இறுகிப்போனால் வலி மேலே இடுப்பிலும் தெரியுமாம். எனக்கு அதுவும் வலது பக்கம் மட்டும். பெடல் மிதிக்கிற பக்கம்.

இதற்குத் தேவை ஒரு டென்னிஸ் பந்து. புதுசு வேண்டாம், தெருவில் பையன்கள் அடித்து மேல்ரோமம் தேய்ந்த பந்து கொஞ்சம் மெத்தென்று இருக்கும். ஸ்டம்பர், கார்க் மாதிரி கெட்டியான கிரிக்கெட் பந்தெல்லாம் கூடாது. சுவரில் சாய்ந்து நின்று, பாதங்களை ஓரடி முன்னால் வைத்து, நான் சொன்ன இடத்துக்கும் சுவருக்கும் நடுவில் பந்தை வையுங்கள். முட்டியை லேசாக மடக்கி நிமிர்ந்தால் பந்து தானே உருளும். ஓரிடத்தில் ‘ஆ, இதுதான்’ என்று தோன்றும். அங்கே நிறுத்தி அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம் சாய்ந்திருங்கள். மூச்சைப் பிடிக்கக் கூடாது. பத்துக்கு ஐந்து, ஆறு அளவு வலி போதும். பல்லைக் கடிக்கிறீர்கள் என்றால் அது அதிகம். கால் வழியாகக் கரண்ட் மாதிரி இறங்கினால் நரம்பின் மேல் பந்து உட்கார்ந்திருக்கிறது, உடனே நகர்த்திவிடுங்கள்.

முதுகெலும்பின் இரு பக்கமும் உள்ள தசைக்கு இரண்டு பந்து. ஒரு பழைய சாக்ஸில் போட்டு முடிச்சுப் போட்டால் நடுவில் ஒரு பள்ளம் வரும். எலும்பு அந்தப் பள்ளத்துக்கு நேராக இருக்கட்டும், எலும்பின் மேல் எதுவும் அழுத்தக் கூடாது. இதுவும் சுவரில்தான். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் லேசாகத்தான் சாயவேண்டும், தரையில் படுத்து மொத்த எடையையும் போடக் கூடாது. உருளை மாதிரி விற்கிறார்களே ஃபோம் ரோலர், அதையும் நடு இடுப்புக்கு அடியில் வைத்துப் புரளாதீர்கள். இடுப்பு வில்லாக வளைந்து வலி கூடியதுதான் நான் கண்டது.

பந்து இல்லாத இடத்தில் கை. கட்டைவிரல் சீக்கிரம் ஓய்ந்துவிடும், எனக்குக் கத்தரி பிடித்தே அது பாதி போய்விட்டது. கையை முஷ்டியாக மடக்கி, விரல்முட்டியால் இடுப்பிலிருந்து புட்டம் வரை மெதுவாக நீவுங்கள். எண்ணெய் கை வழுக்குவதற்குத்தான். வெதுவெதுப்பான நல்லெண்ணெயே போதும். வெந்நீர் பை ஒத்தடம் பதினைந்து இருபது நிமிடம் முதலில் கொடுத்தால் தசை இளகும். பாம் தடவிய இடத்தில் மட்டும் வெந்நீர் பையை வைத்துவிடாதீர்கள். நான் வைத்தேன், தோல் பொசுங்கிப்போன தழும்பு இன்னும் இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்குச் சூடு உறைக்காமல் போகலாம், கூடுதல் கவனம்.

இனி முக்கியமான விஷயம். இந்தச் சுகம் எனக்கு ஒரு மணி நேரம், அதிகம் போனால் இரண்டு மணி நேரம்தான் நிற்கும். முதலில் அழுத்திவிட்டு ‘அப்பாடா’ என்று போய்ப் படுத்துக்கொள்வேன், ஒரு பிரயோஜனமும் இல்லை. இப்போது ஐந்து நிமிடம் பந்து, உடனே இருபது நிமிடம் நடை. வலி குறைந்திருக்கிற அந்த நேரத்தை நடக்கப் பயன்படுத்த ஆரம்பித்த பிறகுதான் மாற்றம் தெரிந்தது. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதலிலும் மசாஜ் உண்டு, ஆனால் உடற்பயிற்சி முதலான பல வழிகளில் ஒன்றாகத்தான். கூடவே ஸ்டூலை இரண்டு அங்குலம் உயர்த்தினேன், முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து அயர்ன் போடுகிறேன்.

சிலர் பந்தைத் தொடவே கூடாது. விழுந்து அடிபட்டு வந்த வலி, காய்ச்சலோடு வரும் வலி, காரணமில்லாமல் எடை குறைவது, ராத்திரி தூங்கவிடாத வலி என்றால் முதலில் டாக்டர். எலும்பு பலவீனம் உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள் கேட்டுவிட்டே செய்யுங்கள். எப்படிப் புரண்டாலும் அடங்காமல் அலை அலையாக அடிவயிறு நோக்கி இறங்குகிற வலி கிட்னி கல்லாக இருக்கலாம். சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, மலம் கட்டுப்படாமல் போவது, தொடையிடுக்கு மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாதது, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி, ராத்திரி ஆனாலும் சரி.

மசாஜ் கன் வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். நண்பனுடையதைப் பயன்படுத்திப் பார்த்தேன். புட்டத்துக்கும் தொடைக்கும் நன்றாக இருக்கிறது, முதுகெலும்பின் மேல் வைக்கக் கூடாது. நான் வாங்கவில்லை. சாக்ஸ் பந்து கட்டிங் டேபிள் பக்கத்து ஆணியில் தொங்குகிறது, அளவு கொடுக்க வருகிறவர்கள் அது என்னவென்று கேட்காமல் போவதில்லை.