சிறுவயதில் நேர்மையை உங்களுக்குக் கற்றுக்கொடுத்தது எது? அந்தப் பண்பெல்லாம் இன்று தேய்ந்துவிட்டதா?

தாராவியில் இட்லி விற்றவரின் மகன் நான். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு வந்தவர். அம்மாவும் அவரும் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவிப்பார்கள். ஆறு மணிக்கெல்லாம் பெரிய அலுமினியப் பாத்திரத்தைச் சைக்கிள் கேரியரில் கட்டி, ரப்பர் ஹாரனை அழுத்திக்கொண்டே மாஹிம் பக்கம் கிளம்பிவிடுவார். எனக்கு மதிய ஷிப்ட் பள்ளி என்பதால் காலையில் கூடவே போவேன். பேப்பர் துண்டு எடுத்துக் கொடுப்பதும் காசு வாங்கிப் போடுவதும் என் வேலை.

அந்த வியாபாரத்தில் யாரும் கணக்கு எழுதுவதில்லை. நின்றபடி சாப்பிடுவார்கள், கை கழுவிவிட்டு எத்தனை என்று அவர்களே சொல்வார்கள், அந்தக் காசை வாங்கிக்கொள்வோம். 1994-ல் ஒரு இட்லி ஒரு ரூபாய். ஒருநாள் மராத்தி டாக்ஸிக்காரர் ஒருவர் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு, அவசரத்தில் ஆறு என்று சொல்லி ஆறு ரூபாயை நீட்டினார். நாலுதான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பேசாமல் வாங்கிப் போட்டுக்கொண்டேன். பெரிய சாமர்த்தியம் என்று நினைப்பு.

வீட்டுக்கு வந்ததும் அப்பா வழக்கம்போல மிச்ச இட்லியை எண்ணி, சில்லறையைப் பத்துப் பத்தாக அடுக்கினார். இரண்டு ரூபாய் கூடியது. மறுபடி எண்ணினார். அப்போதும் கூடியது. நடந்ததைச் சொல்லிவிட்டேன். அடிக்கவில்லை. "கொறஞ்சா நமக்கு நட்டம். கூடுனா அடுத்தவன் துட்டுலே" என்று அந்த இரண்டு நாணயத்தையும் என் சட்டைப் பையில் போட்டார்.

அடுத்த இரண்டு நாளும் அந்த டாக்ஸி வரவில்லை. நான் குனியும்போதெல்லாம் பையில் நாணயங்கள் உரசிச் சத்தம் போடும். மூன்றாம் நாள் அவரைப் பார்த்ததும் ஓடிப்போய் நீட்டினேன். "ராஹூ தே", இருக்கட்டும் என்று சிரித்தார். அப்பா சைக்கிளைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றார். நான் கையை மடக்கவில்லை. கடைசியில் வாங்கிக்கொண்டார். அப்புறம் அந்த மனிதர் தன் கணக்கைத் தானே சொல்வதை விட்டுவிட்டார். கை கழுவிவிட்டு என்னிடம்தான் கேட்பார்: "கித்தி ஜாலே?" எவ்வளவு ஆச்சு? காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் கொள்வதை மிகையாகக் கொள்ளமாட்டார்கள், கொடுப்பதைக் குறையாகக் கொடுக்கமாட்டார்கள் என்று பின்னாளில் பட்டினப்பாலையில் படித்தபோது, எனக்குக் கண்முன் வந்தது அந்த மாஹிம் தெருமுனைதான்.

தேய்ந்துவிட்டதா என்றால், அந்தக் காலத்தில் எல்லோரும் யோக்கியர்கள் என்று சொல்லமாட்டேன். பால் பாக்கெட்டைப் பிரித்துத் தண்ணீர் கலந்து, திரும்ப ஒட்டி விற்றவர்களும் இதே ஊரில்தான் இருந்தார்கள். என் கவலை வேறு.

போன மாதம், ஐந்தாவது படிக்கும் என் மகள், மளிகை ஆப்பில் தயிர் வரவில்லை என்று அமுக்கி 35 ரூபாயைத் திரும்ப வாங்கியிருந்தாள். தயிர் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. கேட்டால், "பில்டிங்ல எல்லாரும் செய்றாங்கப்பா. இதுல யாருக்கு நஷ்டம்?" என்றாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை. அப்பா சொன்ன அந்த 'அடுத்தவன்' அவள் கண்ணில் படவே இல்லை.

சரி, திருப்பிக் கட்டிவிடலாம் என்று இருவரும் உட்கார்ந்து ஆப்பைத் துழாவினோம். பணம் கேட்பதற்கு நாலு வழி இருந்தது, கொடுப்பதற்கு ஒரு வழி இல்லை. சாட்டில் மூன்று முறை எழுதினேன். உங்கள் ரீஃபண்ட் வந்துவிட்டது என்றே மூன்று முறையும் பதில் வந்தது. அப்பா என்னை அந்த டாக்ஸிக்காரர் முன்னால் நிறுத்தினார். இவளை நான் யார் முன்னால் நிறுத்துவேன்?

அடுத்த ஆர்டர் கொண்டுவந்தவரிடம் நடந்ததைச் சொல்லி, 35 ரூபாயை அவளே நீட்டினாள். அவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "இது என் பணம் இல்லையே பேட்டா" என்று இந்தியில் சொல்லிவிட்டு லிப்ட்டுக்கு ஓடினார்.

பணம் இன்னும் ஃப்ரிட்ஜ் மேலேயே இருக்கிறது. இதை யாரிடம் கொடுப்பது என்று அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.